பதினான்கு ஆண்டு வேலை செய்தவரிடம் நேர்முகத்தில் எதைக் கேட்க வேண்டும்?

கல்லடி வாசி எழுதிய வினா:

வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவன். பதினான்கு ஆண்டுகளாக மென்பொருள் பொறியியலாளராக வேலை செய்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் கொழும்பில் இருந்தேன். பிறகு அம்மாவின் உடல்நிலை காரணமாக ஊருக்குத் திரும்பி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்தேன். சென்ற டிசம்பரில் அந்த நிறுவனம் எங்கள் குழு முழுவதையும் நிறுத்திவிட்டது. அதன் பின்னர் நான்கு மாதங்களுக்குள் ஏழு நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சைகளுக்குத் தோற்றினேன். ஏழிலும் நான் தெரிவு செய்யப்படவில்லை. வேலை கிடைக்கவில்லை என்று முறையிடுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஏழு இடங்களிலும் நான் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தேன் என்பதை ஒருவரேனும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை என்பதுதான் என்னை வாட்டுகிறது.

மூன்றாவது நேர்முகத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவையும் ஏறக்குறைய அதே அச்சில் வார்த்தவைதான். மறுமுனையில் இருந்தவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, ஏறுவரிசையில் அடுக்கிய இரண்டு எண் வரிசைகளைத் தந்து, இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் வரும் இடையத்தை, அதாவது சரிநடுவில் நிற்கும் எண்ணை, மடக்கை அளவான நேரத்தில் (வரிசைகள் பல மடங்கு நீண்டாலும் நேரம் சற்றே கூடும் விதமாக) கண்டுபிடிக்கும் நிரலை எழுதுமாறு கேட்டார். முப்பத்தைந்து நிமிடம் தரப்பட்டது. எழுதியதை இயக்கிப் பார்க்க வழியில்லை. யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வரிசைகள் எவ்வளவு பெரியவை, எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை இதைக் கணிக்க வேண்டியிருக்கும் என்று நான் முதலில் கேட்டேன், ஏனென்றால் வேலையில் எவரும் எனக்கு இப்படி ஒரு தேவையைத் தந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான். அது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை என்று அவர் சொன்னார். இரண்டையும் ஒன்றாக இணைத்து நடுவில் நிற்பதை எடுக்கும் எளிய வழியை எழுதினேன். அது போதாது என்றார். மிகுதி இருபது நிமிடமும் நான் எழுதியும் அழித்தும் கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது, நேர்முகக் கணக்குகளைப் பழகுவதற்கான லீட்கோட் இணையத் தளத்தின் நான்காம் இலக்கக் கேள்வி என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முன்பே செய்து பழகியவருக்கு அது நினைவுச் சோதனை. பழகாதவருக்கு அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

என்னிடம் கேட்டிருக்கக் கூடியது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தோம். மாற்றிய இரண்டாம் நாள், சில வாடிக்கையாளர்களுடைய பிள்ளைகளின் பிறந்த திகதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது என்று முறைப்பாடு வந்தது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும். வெளிநாட்டில் இருந்த குழு மூன்று நாளாகத் தேடியும் காரணம் அகப்படவில்லை. நான் பிழையான பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்துத் திகதி வரிசையில் அடுக்கினேன். எல்லாம் 1996 மே மாதக் கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் விழுந்தன. அந்த இரண்டு எல்லைகளையும் கண்டதுமே காரணம் விளங்கிவிட்டது.

1996இல் மின்சார நெருக்கடி வந்தபோது அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது; அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது; மிஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்தப் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஆகவே வாவிக்கு இப்பால் எழுவான்கரையில் ஒரு நேரம், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வேறொரு நேரம். படுவான்கரையில் உள்ள மண்டூர்க் கோயிலுக்குப் போகும் நாட்களில், குருமண்வெளித் துறையில் படகில் ஏறியதும் அப்பா கைக்கடிகாரத்தின் திருகை நகத்தால் இழுத்து, முள்ளை அரை மணி பின்னுக்குத் திருப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பழைய கணினித் தொகுதி, பிறந்த திகதியை அந்த நாளின் நள்ளிரவாக, அன்று நடைமுறையில் இருந்த இலங்கை நேரப்படி சேமித்திருந்தது. புதிய தொகுதியை எழுதியவரோ, இலங்கை நேரம் என்றால் என்றைக்கும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே என்று எண்ணி, அந்த எண்ணையே நிரலில் பதித்துவிட்டார். ஆறு மணி வித்தியாசத்தில் எழுதிய நள்ளிரவை ஐந்தரை மணி வித்தியாசத்தில் வாசித்தால் முந்தைய நாள் இரவு 11.30 ஆகிவிடும், மணியை விட்டுத் திகதியை மட்டும் காட்டும்போது ஒரு நாள் குறையும். திருத்தம் ஒரே வரிதான்: அந்த எண்ணை எடுத்துவிட்டு, நேர மாற்ற வரலாறு முழுவதும் அடங்கிய கொழும்பு நேர வலயத்தின் பெயரை அங்கே இட்டேன். ஆனால் பிழை இருந்த நாட்களில் தவறான திகதியுடன் வெளியே போன ஆவணங்கள் எவை என்று தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் திருத்தி அனுப்பச் செய்தது ஒரு கிழமை வேலை. அந்த ஒரு கிழமைதான் என் தொழில் என்று நான் நினைக்கிறேன்.

இதை வெளியே காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் எழுதிய நிரல் அனைத்தும் வாடிக்கையாளர்களின் உடைமை. இரகசியம் காப்பதாகக் கையொப்பம் இட்டிருக்கிறேன். நிரலாளர்கள் தாம் எழுதியதை வெளியே காட்டும் கிட்ஹப் தளத்தில் என் பக்கம் வெறுமையாக இருக்கிறது. மாக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற கருவியை எழுதிய மாக்ஸ் ஹவல் 2015இல், பைனரி ட்ரீ (மரம் போல இரண்டிரண்டாகக் கிளைக்கும் தரவு அமைப்பு) ஒன்றை வெண்பலகையில் புரட்டிப்போட முடியாததால் கூகிள் தம்மை எடுக்கவில்லை என்று எழுதியதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அவருடைய கருவியை உலகமே பயன்படுத்துகிறது. அவருக்காக வாதாட அது இருக்கிறது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருந்து பிறருடைய தொகுதிகளைக் கட்டிக்காப்பவர்களுக்காக வாதாட எது இருக்கிறது?

வீட்டில் செய்து அனுப்பச் சொல்லும் பயிற்சிகளும் நல்ல அனுபவமாக அமையவில்லை. இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லித் தந்த ஒன்று என் சனியையும் ஞாயிறையும் எடுத்துக்கொண்டது. பதிலாக இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது, நிரலைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

என் கேள்வி இதுதான். எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. ஆறு மாதம் உட்கார்ந்து இந்தக் கணக்குகளையெல்லாம் பயில்வதுதான் வழியா, அல்லது செய்த வேலையை நேர்முகத்தில் காட்டுவதற்கு வேறு வழி உண்டா? நேர்முகம் நடத்துகிறவர்கள் இங்கே இருந்தால், அவர்களுடைய பக்கத்து நியாயத்தையும் அறிய விரும்புகிறேன்.

அக்கரைப்பற்று நிரலாளர் எழுதிய பதில்:

கல்லடி வாசி அவர்களுக்கு, நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். ஆறு ஆண்டுகளாக எங்கள் குழுவுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் நேர்முகங்களை நடத்துகிறேன். நீங்கள் எழுதியதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை.

முதலில் ஏற்க முடியாததைச் சொல்கிறேன். 1 முதல் 100 வரையான எண்களை அச்சிடுக, மூன்றின் மடங்குக்கு ஒரு சொல்லையும் ஐந்தின் மடங்குக்கு வேறு சொல்லையும் இடுக என்ற பிஸ்பஸ் கணக்கைப் பற்றி 2007இல் இணையத்தில் பெரிய விவாதம் நடந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும் நிரலாளர்களில் பலர் இந்த எளிய கணக்கையே எழுதத் திணறுகிறார்கள் என்பதுதான் அந்த விவாதத்தின் சாரம். அதை வாசித்தபோது நான் நம்பவில்லை. நேர்முகம் நடத்தத் தொடங்கிய முதல் மாதத்தில் நம்பினேன். பன்னிரண்டு ஆண்டு அனுபவமும் குழுத் தலைவர் பதவியும் சுயவிபரக் கோவையில் இருந்த ஒருவரிடம், ஒரு கோப்பை வாசித்து அதில் ஒரு நெடுவரிசையிலுள்ள எண்களைக் கூட்டும்படி, எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லிக் கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் கழிந்தும் அவரால் ஒரு சுற்றை, அதாவது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் சில வரிகளை, எழுதி முடிக்க இயலவில்லை. அவரை நான் அவமானப்படுத்திவிட்டதாக எனக்கே மனம் கனத்தது. ஆனால் அவரை எடுத்திருந்தால், அவருடைய பங்கையும் இரவிரவாக இருந்து முடிக்கப் போகிறவர்கள் குழுவில் உள்ள இளையவர்கள்தான். அவர்களுக்கும் நான் பொறுப்பு.

ஆண்டுக் கணக்கு மட்டும் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல், ஆட்தெரிவு பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையில் ஒருவர் எப்படிச் செயற்படுவார் என்பதோடு ஒவ்வொரு தெரிவு முறைக்கும் உள்ள தொடர்பைப் பூச்சியத்திலிருந்து ஒன்று வரையான அளவில் பார்த்தபோது, அனுபவ ஆண்டுகளுக்கு 0.18தான் கிடைத்தது. மனம்போன போக்கில் நடத்தும் நேர்முகத்துக்கு 0.38, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு கேட்கும் நேர்முகத்துக்கு 0.51. போல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பல எண்களைக் குறைத்தார்கள்; அப்போதும் ஒழுங்கமைத்த நேர்முகமே 0.42 உடன் முன்னிலையில் நின்றது. ஆகவே, பதினான்கு ஆண்டு என்று நீங்கள் சொல்லும்போது அதை அப்படியே நம்பி எடுக்க என்னால் இயலாது. ஆனால் அந்தக் கடிகாரத் திருகைப் பற்றிச் சொன்னீர்களே, அதை நான் நம்புவேன்.

இனி ஏற்பதைச் சொல்கிறேன். சுற்று எழுதத் தெரியுமா என்று பார்ப்பதற்காக வந்த வடிகட்டி எப்படி இடையக் கணக்காக வளர்ந்தது என்றால், நேர்முகம் நடத்துகிறவருக்கு எவரும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று அன்று காலையில் சொல்வார்கள். அவர் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியையே எடுத்துக் கேட்பார். அது புள்ளி போடுவதற்கும் எளிது. புதிர்க் கேள்விகள் எதையும் முன்னறிவிக்கவில்லை என்று கூகிளின் ஆளணிப் பொறுப்பாளராக இருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். புதிர்களைக் கைவிட்ட பல இடங்களில் அவற்றின் கதிரையில் இந்தக் கணக்குகள் வந்து அமர்ந்துகொண்டன.

நாங்கள் இப்போது செய்வது வேறு. சில நூறு வரி கொண்ட, உண்மையில் இயங்கும் சிறு செயலி ஒன்றைத் தருகிறோம். அதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ஒன்று எவர் கண்ணுக்கும் படும். இரண்டாவது, பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் தரவுத்தளத்திடம் தனித்தனியே கேள்வி அனுப்பும் ஒரு சுற்று. பத்து வரி இருக்கும்வரை எவரும் உணரமாட்டார்கள், பத்தாயிரமாகும்போது தொகுதி நின்றுவிடும். மூன்றாவது, பணத் தொகையை மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமித்திருப்பது. கணினியில் அப்படிச் சேமித்த 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை, கணக்கு முடிக்கும் நாளில் சதங்கள் கூடியோ குறைந்தோ நிற்கும். பணத்தோடு வேலை செய்தவர் அந்த வரியைக் கண்டதும் நின்றுவிடுவார். அந்த இடத்தில் அவர் நிற்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். இங்கே எழுதிய நேரக் கதை உங்கள் சுயவிபரக் கோவையில் இருக்கிறதா? என் அனுமானம், அங்கே ஜாவா, ஒராக்கிள், பதினான்கு ஆண்டு என்றுதான் இருக்கும். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லாமலே அந்தக் கதையை ஐந்து வரியில் எழுதலாம். அதில் இரகசியம் எதுவும் மீறப்படாது. எழுதியிருந்தால், நேர்முகம் நடத்துகிறவர் தானாகவே அதைப் பற்றிக் கேட்பார், ஏனென்றால் அவருக்கும் அது தெரியாத விடயம்.

நிந்தவூர் எழுதிய பதில்:

கல்லடி அண்ணன் எழுதியதை வாசித்தபோது என்னுடைய கதையையே வாசிப்பது போல இருந்தது. நான் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். எட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு சான்று சொல்கிறேன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் 48 கணினி மாணவர்கள் பங்குபற்றினார்கள். ஒரு பகுதியினர் பரிசோதகர் பார்த்திருக்க, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெண்பலகையில் தீர்வு எழுதினார்கள். மற்றவர்கள் அதே கணக்கை ஆளில்லாத அறையில் தனியே எழுதினார்கள். பார்வைக்குக் கீழே எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழாக இறங்கியது. பார்வைக்குக் கீழே எழுதிய பெண்களில் ஒருவராலும் கணக்கைச் சரியாக முடிக்க இயலவில்லை. தனியே எழுதிய பெண்கள் அனைவரும் முடித்தார்கள். கணக்கு ஒன்றுதான், மாறியது கதவு மட்டும்தான். சிறிய எண்ணிக்கை என்று சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கு நடந்ததும் அதுவேதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நேர்முகத்தில் ட்ரீ ஒன்றின் ஒவ்வொரு மட்டத்தையும் தனித்தனியே அச்சிடுமாறு கேட்டார்கள். பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு அறைக் கதவைப் பூட்டியிருந்தேன்; அவன் வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். யோசிப்பதைச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் எனக்குத் தடை இல்லை. ஆனால் கணக்கை நான் மனதுக்குள் தமிழில்தான் போடுகிறேன். ஒவ்வொரு எண்ணத்தையும் மொழிபெயர்த்து வாயால் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த எண்ணம் போய்விடுகிறது. அழைப்பை வைத்த பிறகு மேசையில் கிடந்த கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். பதினொரு வரி. திருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கடதாசியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு வந்த நேர்முகங்களில், முதல் முப்பது நிமிடம் கமராவை அணைத்துத் தனியே செய்யவும், பிறகு எழுதியதை வரி வரியாக விளக்கவும் இடம் தர முடியுமா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டேன். மூன்று நிறுவனங்களில் ஒன்று சம்மதித்தது. அங்கேதான் இப்போது வேலை செய்கிறேன். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, அண்ணன். கேட்டதற்காக ஒருவரும் என்னைக் குறைவாக எண்ணியதாகத் தெரியவில்லை.

அக்கரைப்பற்று நானாவிடம் ஒன்று கேட்க வேண்டும். சுற்று எழுத இயலாமல் இருபத்தைந்து நிமிடம் இருந்த அந்த மனிதரை நீங்கள் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? தனியே விட்டிருந்தால் எழுதியிருப்பாரா, மாட்டாரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வந்தாறுமூலை எழுதிய பதில்:

நான் இங்கே மற்றவர்களை விட வயதில் இளையவன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் கருத்து வேறு. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்குகளை நான் ஐந்து மாதம் பயின்றேன். உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்தது போலவே, ஒரு கொப்பியில் வகை வகையாகப் பிரித்து, தவறியதை மூன்று நாள் கழித்து மீண்டும் செய்தேன். நேர்முகத்தில் வந்த இரண்டில் ஒன்று நான் செய்ததுதான், மற்றது அதன் உறவு. வேலைக்குச் சேர்ந்த பிறகு எவரும் என்னிடம் ஒரு ட்ரீயைக்கூடப் புரட்டச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பரீட்சைக்கு நான் நன்றியுள்ளவன். என் குடும்பத்தில் கணினி வேலைக்குப் போன முதல் ஆள் நான். கொழும்பில் எனக்கு ஒருவரையும் தெரியாது. பேச்சு ஆங்கிலமும் அப்போது சரளமாக வராது. என் பாடசாலை எது, என் அப்பா யார், என்னை யார் அனுப்பினார் என்று அந்தக் கணக்கு கேட்கவில்லை. நேர்முகம் என்பது செய்த வேலையைக் கதையாகச் சொல்வது என்று ஆகிவிட்டால், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர்களும் ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களும் ஆள் தெரிந்தவர்களும் முன்னே போவார்கள். சொல்ல இன்னும் கதை இல்லாத என் போன்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் வேண்டாம், அண்ணன். உங்கள் அனுபவத்துக்கு இரண்டு மாதம் போதும். நாளுக்கு ஒன்று செய்யுங்கள். விரும்பினால் என் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

கல்லடி வாசி எழுதிய பதில்:

மூவருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுத விரும்பினேன்.

அக்கரைப்பற்று நிரலாளர் அனுமானித்தது சரி. என் சுயவிபரக் கோவையில் தொழில்நுட்பங்களின் பெயர்கள் ஒரு பக்கம் முழுவதும் இருந்தன. நேரக் கதை இல்லை. அந்தப் பக்கத்தை அகற்றிவிட்டு, நான் தீர்த்த நான்கு சிக்கல்களை, என்ன நடந்தது, எங்கே தேடினேன், என்ன செய்தேன், அதன் பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றும் ஆறு வரிக்கு மிகாமல் எழுதினேன். எழுதும்போது ஒன்றைக் கண்டுகொண்டேன். பத்துக்கு மேற்பட்ட சிக்கல்கள் நினைவுக்கு வந்தாலும், அவற்றில் பலவற்றின் விவரம் மறந்துவிட்டது. எந்த ஆண்டு, எவ்வளவு பதிவுகள், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல இயலவில்லை. நேர்முகத்தில் கேட்டிருந்தாலும் தடுமாறித்தான் இருப்பேன். இது என் பக்கத்துக் குறை. ஒவ்வொரு சிக்கலும் முடிந்த அன்றே நாலு வரி எழுதி வைத்திருக்க வேண்டும், இப்போது தொடங்கியிருக்கிறேன்.

நிந்தவூர்த் தங்கை சொன்னபடி இரண்டு இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ஒரு நிறுவனம் முறையை மாற்ற இயலாது என்று பண்பாகவே பதில் எழுதியது. மற்றது சம்மதித்தது. தனியே இருந்த முப்பது நிமிடத்தில் நான் எழுதிய தீர்வில் ஒரு பிழை இருந்தது. வெறுமையான பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்பதை விட்டுவிட்டேன். விளக்கும்போது நானே அதைக் கண்டு சொன்னேன். அதன் பிறகு அவர்கள் நேரக் கதையைப் பற்றிக் கேட்டார்கள், இருபது நிமிடம் பேசினோம். அவர்களில் ஒருவர், தவறான ஆவணங்களைத் தேடும்போது அச்சிட்டுத் தபாலில் போனவற்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். இந்தத் தொழிலைச் செய்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. முடிவு இன்னும் வரவில்லை.

வந்தாறுமூலைத் தம்பிக்கு: நீங்கள் எழுதியதை நான் நாலைந்து தடவை வாசித்தேன். எனக்கு நடந்தது அநியாயம் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அதே பரீட்சை இன்னொருவருக்கு வாசலாக இருந்திருக்கிறது என்பதை எண்ணவில்லை. இப்போதும் என் நிலைப்பாடு, புதிதாக வருகிறவரையும் பதினான்கு ஆண்டு வேலை செய்தவரையும் ஒரே வினாத்தாளால் அளக்கக் கூடாது என்பதுதான். ஆனால் அந்த வினாத்தாளே வேண்டாம் என்று இனிச் சொல்லமாட்டேன். கொப்பியின் படங்களை அனுப்புங்கள். விடியற்காலையில் அம்மா எழும்புவதற்கு முன்பு ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கும். பதினெட்டு நாளாக நாளுக்கு ஒன்று செய்கிறேன். இடையக் கணக்கையும் செய்துவிட்டேன். அதற்கு எனக்கு இரண்டு காலைகள் வேண்டியிருந்தன.

அக்கரைப்பற்று நிரலாளரிடம் ஒரு வேண்டுகோள். அந்த மூன்று பிழையுள்ள செயலியைப் போல ஒன்றை வைத்து, என்னை ஒரு முறை நேர்முகம் செய்து பார்ப்பீர்களா? குறைகளை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அடுத்த போயா விடுமுறையில், இருவருக்கும் நடுவிலுள்ள கல்முனைக்கு நான் வருவேன்.

அக்கரைப்பற்று நிரலாளர் எழுதிய பதில்:

வருகிறேன். காலை பத்து மணிக்குக் கல்முனை பஸ் நிலையத்தில் சந்திப்போம். அருகில் என் மச்சானுடைய கடையின் மேல்மாடி சும்மாதான் இருக்கிறது. லப்டொப்பை எடுத்து வாருங்கள். செயலியைத் தந்துவிட்டு நாற்பது நிமிடம் கீழே போய் இருப்பேன்.

நிந்தவூர்த் தங்கை கேட்டதற்கு இதுவரை பதில் எழுதாமல் இருந்தேன். எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். அந்த மனிதர் எழுதிக்கொண்டிருந்தபோது நான் அவருடைய திரையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் இரண்டு முறை நேரத்தையும் நினைவூட்டினேன். தனியே விட்டுப் பார்க்கவில்லை. அடுத்த நேர்முகத்திலிருந்து, சுற்று எழுதும் அந்தச் சிறு கணக்கையும் தனியே செய்வதற்கே விடுகிறேன்.